வசீராபாத் குளத்துக்குத் திருப்பப்படும் கால்வாய் நீர்: டெல்லியின் தண்ணீர்க் கணக்கு என்ன?

புது டெல்லி: கோடைதோறும் டெல்லியின் குடிநீர் விநியோகத்தைத் தீர்மானிக்கும் எண் 674.5. யமுனையின் குறுக்கே வசீராபாத்தில் அமைந்துள்ள தடுப்பணைக் குளத்தின் இயல்பான நீர்மட்டம், கடல் மட்டத்திலிருந்து 674.5 அடி ஆகும். 2024-ஆம் ஆண்டு கோடையில் இது 670 அடிக்கும் கீழே சரிந்தது.

நான்கைந்து அடி சரிவு சிறியதாகத் தோன்றலாம். எனினும், வசீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இந்தக் குளத்திலிருந்தே நீர் இறைக்கப்படுகிறது. இவ்விரு நிலையங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 220 மில்லியன் கேலன் குடிநீரை வழங்கக்கூடியவை. ஒரு மில்லியன் கேலன் என்பது ஏறத்தாழ 45.5 லட்சம் லிட்டர். குளம் வற்றினால் வடக்கு, மத்திய டெல்லியின் பல பகுதிகளில் குழாய்களில் அழுத்தம் குறைகிறது. மக்கள் டேங்கர் லாரிகளுக்காகக் காத்திருக்க நேரிடுகிறது.

திருப்பிவிடுவது எப்படி?

ஆற்றில் நீர்வரத்து குறையும்போது, டெல்லி குடிநீர் வாரியம் மற்றொரு வழியை நாடுகிறது. ஹரியாணாவின் கர்னால் மாவட்டத்திலிருந்து 102 கி.மீ. தொலைவு வரும் மூனக் கால்வாய், ஹைதர்பூர் உள்ளிட்ட நிலையங்களுக்கு யமுனை நீரைக் கொண்டு வருகிறது. இந்த நீரில் ஒரு பகுதி வசீராபாத்துக்குத் திருப்பப்படுகிறது.

நீர்மட்டத்தை உயர்த்துவது மட்டுமே இதன் நோக்கம் அன்று. பானிப்பட், சோனிப்பட் பகுதிகளின் ஆலைக்கழிவுகளால் ஆற்றுநீரில் அமோனியா அடிக்கடி அதிகரிக்கிறது. லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் அளவைத் தாண்டினால், தற்போதுள்ள நிலையங்களால் அதைச் சுத்திகரிக்க இயலாது. அத்தகைய நாள்களில், தூய்மையான கால்வாய் நீரைக் கலந்து அமோனியாவின் அடர்த்தி குறைக்கப்படுகிறது.

ஒன்றில் ஏறினால் மற்றொன்றில் இறங்கும்

இம்முறையில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உள்ளது. வசீராபாத்துக்கு வரும் கூடுதல் நீர், கால்வாயை நம்பியுள்ள பிற நிலையங்களின் பங்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. நகரின் மொத்த நீர் இதனால் ஒரு துளியும் கூடுவதில்லை. பற்றாக்குறை ஒரே பகுதியில் குவியாமல் பகிரப்படுகிறது, அவ்வளவே.

கால்வாய்க்கே பாதிப்பு நேர்ந்தால் இந்த வழியும் அடைபடுகிறது. 2016 பிப்ரவரியில் ஜாட் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது மூனக் கால்வாய் சேதப்படுத்தப்பட்டதில் டெல்லி கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. 2024 ஜூலையில் பவானா அருகே கரை உடைந்து, குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

வசீராபாத், ஹைதர்பூர் நீர்த்தேக்கங்கள் எப்போதும் முழுக் கொள்ளளவில் இருக்க வேண்டும் என்று 1996 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீர் விடுவிப்பு குறித்து டெல்லிக்கும் ஹரியாணாவுக்கும் இடையிலான பிணக்கு அதன் பின்னரும் தொடர்ந்தது.

2024 ஜூன் 6-இல், 137 கன அடி உபரி நீரைத் திறந்துவிட ஹிமாசலப் பிரதேசத்துக்கும், அது தடையின்றி வசீராபாத் வந்துசேர வழிசெய்ய ஹரியாணாவுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது. விநாடிக்கு 137 கன அடி என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 74 மில்லியன் கேலன். வழியில் ஏற்படும் இழப்பு இதில் கழிக்கப்படவில்லை. ஒரே வாரத்தில், தன்னிடம் உபரி நீர் இல்லை என்று ஹிமாசலம் தெரிவித்தது. இதையடுத்து, மேல் யமுனை நதி வாரியத்தை அணுகுமாறு டெல்லி அரசை நீதிமன்றம் அறிவுறுத்தியது.

சேமிக்க இடமில்லை

சென்னையிலும் பூண்டி ஏரியின் நீர் இணைப்புக் கால்வாய் வழியாகப் புழல் ஏரிக்குக் கொண்டு செல்லப்படுகிறது. ஆனால் புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நிரப்பி, கோடையில் பயன்படுத்த அது உதவுகிறது.

வசீராபாத் குளத்தின் கொள்ளளவு 250 மில்லியன் கேலன். அதாவது, புழலில் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்கு. வண்டல் படிந்ததால் அது 16 மில்லியன் கேலனாகச் சுருங்கிவிட்டதாகத் துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா 2023-இல் சுட்டிக்காட்டினார். முழுக் கொள்ளளவு இருந்தால் இரு நிலையங்களின் ஒரு நாள் தேவைக்குப் போதுமானது. 16 மில்லியன் கேலன் இரண்டு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. ஆற்றின் வரத்து குறைந்தவுடன் நீர்மட்டம் சரிவதற்கு இதுவும் முக்கியக் காரணமாகும்.

அடுத்து என்ன?

1994 மே 12-இல் யமுனைப் படுகை மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், டெல்லிக்கு ஆண்டுக்கு 72.4 கோடி கன மீட்டர் நீரை ஒதுக்கியது. 2025-க்குப் பிறகு அதை மறுஆய்வு செய்யலாம் என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றுள்ளது. ஆனால் பங்கு உயர்ந்தாலும், வரும் நீரைத் தேக்கிவைக்க இடம் வேண்டும்.

குளத்தைத் தூர்வாருவதும், மேற்பகுதி ஆலைக்கழிவுகளைத் தடுப்பதும், கால்வாய்க் கசிவைக் குறைப்பதும் அண்டை மாநிலத்தின் உபரி நீருக்காகக் காத்திராமல் பயன்தரும் வழிகள். மண் கால்வாய்க்கு மாற்றாகக் கான்கிரீட் பூசிய மூனக் கால்வாய் அமைக்கப்பட்டபோது, நாளொன்றுக்குச் சுமார் 80 மில்லியன் கேலன் நீர் மிச்சமாகும் என மதிப்பிடப்பட்டது. ஹிமாசலத்திடம் 2024-இல் எதிர்பார்க்கப்பட்ட 74 மில்லியன் கேலனைவிட இது அதிகம்.