உலோகத்தை உருக்கப் போகிறீர்களா?

ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பு அடுப்பில் உருகுவதில்லை. ரசம் வற்றிவிட்டாலோ சொம்பே உருகி வழிந்துவிடும். ஏன் தெரியுமா? நீர் உள்ளவரை சொம்பின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பெயர்தான் ஈயச்சொம்பு, அது வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி.

அலுமினியத்துக்கோ 660 டிகிரி வேண்டும். கரி நெருப்பு அதைவிடச் சூடானதே. ஆனால் திறந்த அடுப்பில் வெப்பம் நாற்புறமும் சிதறிவிடுகிறது. ஆகவே சிறு உலைக்கு இரண்டு தேவை: வெப்பத்தைத் தேக்கும் தீக்களிமண் சுவர், கரிக்கு இடைவிடாமல் ஆக்ஸிஜன் ஊட்டும் துருத்தி. நடுவே உலோகம் இட்ட மூசை. 660 டிகிரியை எட்டியதும் வெப்பநிலை சற்று நேரம் ஏறாது. உருகுவதற்கு ஒரு கிராம் அலுமினியம் சுமார் 95 கலோரியை உறிஞ்சுகிறது. பனிக்கட்டிக்கு 80 கலோரி போதும்.

சொம்பைக் காத்த அதே நீர் உலையருகே பெரும் பகையாகும். நீர் ஆவியானால் ஏறக்குறைய 1700 மடங்கு விரியும். அச்சிலோ கரண்டியிலோ துளி ஈரம் இருந்தாலும், உருகிய உலோகம் வெடித்துச் சிதறும். எனவே எல்லாவற்றையும் முன்னதாகச் சூடாக்கி உலர்த்த வேண்டும். சிமெண்டுத் தரையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். உலர்ந்த மணல்மீதே வார்க்க வேண்டும். உருகிய அலுமினியம் பகலில் செக்கச்சிவந்து எச்சரிக்காது, பாதரசம்போல் பளபளக்கும். ஏமாந்துவிடாதீர்கள்! துத்தநாகப் பூச்சுத் தகரமும் பித்தளையும் வேண்டாம். அவற்றின் புகை காய்ச்சல் தரும்.

ஆகவே, அலுமினியத்தில் தொடங்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்து, ஆசிரியர் அருகிருக்க, ஈயம் கலவாத பற்றாசுத் துண்டை உலர்ந்த இரும்புக் கரண்டியில் உருக்கிப் பாருங்கள். உலையின் முதல் பாடம் அதுவே.