கூத்தை நடத்துவிப்போர் யாவர்?

தேரோடும் நாளிலே எல்லோருடைய கண்களும் தேர்முடியிலேயே பதிந்திருக்கும். சில்லுக்குக் கட்டை போடுகிறவனை எவரும் நோக்குவதில்லை. அவன் கை ஒரு கணம் தவறுமாயின் தேரின் கதி யாதாகும் என்பதை நாம் அறிவோம். அவன் பெயரைத்தான் அறியோம்.

கலையுலகத்திலும் இத்தகையோர் உளர். கூத்தொன்று களரி ஏறவேண்டுமாயின் செய்யவேண்டிய கருமங்கள் எத்தனை! அண்ணாவியாரை அழைத்தல், நடிகரைத் தெரிந்து பாத்திரங்களைப் பங்கிடல், பல மாதப் பயிற்சிக்கு இடம் ஒழுங்கு செய்தல், உடையும் வெளிச்சமும் தேடல், ஊரிலே பணம் சேர்த்துக் கணக்குக் காட்டல், இருவருக்கிடையே மனத்தாங்கல் எழுந்தால் அதனைத் தீர்த்து வைத்தல் ஆகிய இவையாவும் ஒருவர் பொறுப்பில் நடந்தேற வேண்டும். ஆடுபவன் பிழைவிட்டால் ஒரு காட்சிதான் கெடும். நடத்துவிப்பவன் இல்லையானால் கூத்தே இல்லை.

வன்னி மண் இப்பொறுப்பை நன்குணர்ந்த மண்ணாகும். முல்லைத்தீவுப் பகுதியில் கண்ணகி வழிபாடும் கோவலன் கூத்தும் ஒட்டிப் பிறந்தவைபோல் வளர்ந்துவந்தன. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரைக் கொண்டு முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே விளக்கெரிக்கும் மரபு அப்பொங்கலுக்கு முன்னோடியாக நிகழ்வது. நீரெடுப்பவர் யார், சுமப்பவர் யார், விளக்கைக் காப்பவர் யார் என்பதை அங்கு எவரும் எழுதி வைத்துப் படிப்பதில்லை. மூத்தவர் பின்னே இளையவர் நடந்து நடந்து, ஒருநாள் அப்பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றனர். நிருவாகம் என்னும் சொல்லை அறியாமலே நிருவாகிகளை உருவாக்கிய பள்ளிக்கூடம் அது.

அப்பள்ளிக்கூடத்துக்கு நேர்ந்த இடரையும் மறைத்தல் ஆகாது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஈற்றில் வவுனியா முகாம்களை அடைந்தனர். உயிரைக் காப்பதே அரிதாயிருந்த வேளையில் மத்தளத்தையும் கூத்துக் கொப்பியையும் சுமந்து செல்வது எங்ஙனம்? ஊர் திரும்பிய பின் மத்தளத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இன்னார் இன்ன வேலையை இன்னாரிடம் பழகவேண்டும் என்ற தொடர்ச்சி அறுந்தால், அதைக் கடையில் வாங்க முடியாது. வன்னிக் கலைகளின் இன்றைய வினா இதுவேயாம்.

அறுந்ததை முடிந்த ஒருவரின் கதையை மாணவர்கள் அறிதல் நன்று. இலங்கையில் அரசாங்கக் கலைக்கழகம் 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை பூண்டு உழைத்தார். அவர் அண்ணாவியார் அல்லர். பேராதனையிலே தமிழ் கற்பித்தவர். எனினும் கிராமத்து அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, மாணவர்களைக் கொண்டு 1962 இல் கர்ணன் போரையும் 1964 இல் இராவணேசனையும் மேடையேற்றினார். அலங்காரரூபன் நாடகத்தை 1962 இல் பதிப்பித்தார். ஆடத் தெரிந்தவர் அன்றும் பலர் இருந்தனர். அரசின் அவையில் அமர்ந்து அவர்களுக்காகப் பேசவும், பணமும் மேடையும் பெற்றுத்தரவும் வல்லவர் ஒருவர் வேண்டியிருந்தது. சிறுபான்மையினரின் கலைக்கு அத்தகைய ஒருவர் இன்றியமையாதவர்.

அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் மேடையேற்றங்கள் மட்டுமன்று. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமே பேராசிரியராகி, மட்டக்களப்பிலே அடுத்த தலைமுறையைப் பயிற்றினார். ஒரு தலைவன் தனக்குப்பின் மற்றொரு தலைவனை விட்டுச்செல்வதே தலைமைக்கு அழகு.

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பினக் கலைஞரின் படைப்புகளுக்கென 1968 இல் 'ஸ்ரூடியோ மியூசியம்' என்னும் காட்சியகம் தோன்றியது. பெரிய காட்சியகங்களின் வாயில்கள் அவர்களுக்கு எளிதில் திறவாத காலம் அது. இளமையிலே அங்கு பயிற்சி பெற்ற தெல்மா கோல்டன் என்னும் பெண்மணி 2005 இல் அதே காட்சியகத்தின் பணிப்பாளரானார். கதவு திறக்குமெனக் காத்திராமல், தம் வீட்டிலேயே தலைவர்களை வளர்த்தது அச்சமூகம்.

நம்மிடமும் வாய்ப்புகள் இல்லாமலில்லை. பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக இருக்கின்றது. பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தரும் கலாசாரப் பேரவைகளும் உள. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகின்றது. ஆயினும் நடிக்கக் கற்பிக்கும் அளவுக்கு, நடத்தக் கற்பிக்கின்றோமா? விழாவுக்கு மாணவரை ஆடவிடுகிறோம்; வரவு செலவை அவர் கையில் கொடுக்கத் தயங்குகிறோம். பிள்ளை பிழைவிடும் என்ற அச்சம் பெரியோருக்கு. நீரில் இறங்காமல் நீந்தப் பழகியவர் எவருமிலர்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவுக்குரியனவும் அல்ல. ஒவ்வொரு கலைமன்றமும் தன் செயலாளருக்கும் பொருளாளருக்கும் உடனுதவியாக ஓர் இளைஞரையோ யுவதியையோ சேர்த்துக்கொள்ளட்டும். மறு ஆண்டு விழாவை அவர்களே நடத்த, மூத்தோர் அருகில் இருக்கட்டும். கணக்குப் புத்தகம் எழுதவும், உதவி கோரி விண்ணப்பம் வரையவும், அண்ணாவியாரின் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலியிலும் ஒளியிலும் பதிந்து பேணவும் அவர்கள் பழகட்டும். கூத்துக் களரியை நெடுங்காலம் ஆடவரே ஆண்டனர். நடத்தும் பொறுப்பிலேனும் பெண்மக்களுக்குச் சரிபாதி இடம் அளிப்போமாக. போருக்குப் பின் எத்தனையோ வன்னிக் குடும்பங்களைத் தாங்கி நிற்பவர்கள் அவர்களே அன்றோ?

இந்த வினைக்கு இவனே ஏற்றவன் என ஆராய்ந்தபின், அவ்வினையை அவனிடமே விட்டுவிட வேண்டுமென்பது வள்ளுவர் காட்டிய நெறி. ஆராய்வதில் நாம் குறைந்தவர்கள் அல்லர், விட்டுக்கொடுப்பதிலேதான் பின்னிற்கிறோம்.

மாணவ நேயர்களே, அடுத்த முறை உங்கள் ஊரிலே கூத்து நடக்கும்போது, முன்வரிசையில் இடம்பிடிக்க விரையாதீர்கள். களரியின் பின்புறம் சென்று, அங்கு வியர்வை வழிய நிற்கும் பெரியவரிடம், "ஐயா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். அவர் ஒரு வேலை தருவார். அந்த வேலையிலிருந்தே வன்னியின் நாளைய கூத்து தொடங்கும்.