சந்தியாகோ வாயில்: ஃபார்குவாரும் ராஃபிள்ஸும்

1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கே எழுப்பத் தொடங்கிய ஆ ஃபமோசா கோட்டையின் வாயில் இது. வளைவின் மேல் பொறிக்கப்பட்டுள்ள 1670 என்னும் ஆண்டும் அதற்கு மேலுள்ள புடைப்புச் சின்னமும், 1641-இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் இதைப் புதுப்பித்ததைக் குறிக்கின்றன.

பிரான்சுடனான போரின்போது, 1795-இல், மலாக்காவைத் தம் வசப்படுத்திய ஆங்கிலேயர், நகரம் மீண்டும் பிறர் கைக்குப் போனால் கோட்டை அவர்களுக்கு அரணாகிவிடும் என அஞ்சியதால், இங்கே ரெசிடெண்டாகவும் (ஆட்சிப் பொறுப்பாளர்) படைத்தலைவராகவும் இருந்த வில்லியம் ஃபார்குவார், மேலிட உத்தரவுப்படி 1807-இல் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். மறு ஆண்டு இங்கு வந்த நிர்வாக அதிகாரி ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், மலாக்காவைக் கைவிடலாகாது என வற்புறுத்தி அறிக்கை எழுதினார். இவ்வாயில் தப்பியதும் அவர் தலையீட்டால் என்றே சொல்லப்படுகிறது. புகழ் ராஃபிள்ஸுக்குச் சேர, உத்தரவை நிறைவேற்றியவருக்கு இடித்தவர் என்னும் பெயரே மிஞ்சியது.

1819-இல் இருவரும் இணைந்தே சிங்கப்பூர்க் குடியேற்றத்தைத் தொடங்கினர். எனினும் ஆளும் முறை பற்றிய பிணக்கு முற்றியதால், 1823-இல் ராஃபிள்ஸ் ஃபார்குவாரைப் பதவியிலிருந்து நீக்கினார். இருவரையும் நேரில் அறிந்தவரும், அரபு மூதாதை ஒருவர் மணந்த நாகூர்த் தமிழ்ப் பெண்ணின் வழிவந்தவருமான மலாக்கா முன்ஷி (மொழியாசிரியர்) அப்துல்லா, தம் சிறுவயதில் நடந்த இத்தகர்ப்பை ‘ஹிகாயத் அப்துல்லா’ என்னும் மலாய் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.