இமயத்தில் பொறித்த வில்

சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல். மூவேந்தரின் கொடியிலும் காசிலும் முத்திரையிலும் இடம்பெற்ற சின்னங்கள் இவை.

இந்தச் சின்னங்களின் பெருமையைத் தமிழ் இலக்கியம் இமயத்தோடு இணைக்கிறது. சேரன் நெடுஞ்சேரலாதன் வடக்கே சென்று இமயத்தில் தன் வில்லைப் பொறித்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். 'இமயவரம்பன்' என்பது அவனுடைய சிறப்புப் பெயர். சோழன் கரிகாலன் இமயத்தில் புலியைப் பொறித்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கயலும் புலியும் வில்லும் இமயத்தில் அருகருகே நின்றதாகவும் அதே காப்பியம் பாடுகிறது. அந்தப் படையெடுப்புகளுக்குக் கல்வெட்டுச் சான்று கிடைக்கவில்லை.

ஆனால் வில் சின்னத்துக்குக் கையில் எடுத்துப் பார்க்கும் சான்று உண்டு. மடத்துக்குளம் வழியாகப் பாயும் அமராவதி ஆறு கரூரைத் தொடுகிறது. அங்கே ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சதுரமான செப்புக் காசின் ஒரு பக்கம் யானை நிற்கிறது. மறுபக்கம் நாணேற்றிய வில்லும் அம்பும்.

பிற்காலத்தில் மூன்று சின்னங்களும் ஒரே முத்திரையில் சேர்ந்தன. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது. அதன் முன் இரு கயல்கள், கீழே வில், மேலே வெண்கொற்றக்குடையும் இரு சாமரங்களும். சேர, பாண்டிய நாடுகள் சோழர் ஆட்சிக்கு உட்பட்டதை அந்த முத்திரை அறிவித்தது.