கடலோரக் கோயில்கள் – 6: உபதேசியார்

திருவிழாவைப் போன வாரத்தோடு முடித்துக்கொண்டோம். தேர் நிலைக்கு வந்த மறுநாளும் கோயில் நடக்க வேண்டுமே, அதை நடத்துகிறவர்களிடம் வருவோம்.

முத்துக்குளித்துறை ஊர்களில் பங்குச் சாமியார் மாற்றலாகிப் போகிறவர். ஊரிலேயே இருந்து கோயிலைத் தாங்குகிறவர் உபதேசியார். இது பழைய ஏற்பாடு. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்தாரே தவிர, ஓர் ஊரிலும் நிலையாகத் தங்க முடியவில்லை. அதனால் அங்கங்கே ஒரு கணக்கப்பிள்ளையை வைத்தார். சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கலியாணத்துக்குத் தடை உண்டா என்று விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளத்துக்குச் சவேரியார் பிடித்த வழிதான் வேடிக்கை. இந்தக் கரையிலிருந்து போர்ச்சுகல் அரசிக்குச் செருப்புப் பணம் என்ற பெயரில் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை அந்த அம்மாளிடமே கேட்டு வாங்கிவிட்டார்!

உபதேசியாரின் அருமை சாவு வீட்டில் தெரியும். துக்க மணி அடிப்பதும் அவர்தான், சாமியார் வரும்வரை செபமாலை சொல்லிக்கொண்டிருப்பதும் அவர்தான். கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குடும்பத்தின் குழி எங்கே இருக்கிறது, எதை இப்போது திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். பதிவேட்டைப் புரட்டுவதெல்லாம் அப்புறம்.

கோயிலை நடத்துகிறவர்களில் வின்சென்ட் தே பவுல் சபை வெளியே அதிகம் தெரியாதது. 1833-ல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. சபையினர் இரண்டு பேராகப் போய் ஏழை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். அரிசியோ மருந்துச் செலவோ அதன் பிறகு போய்ச் சேரும். கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பதே தெரியாது. நன்கொடையாளர் பெயரை மைக்கில் வாசிக்கும் அதே ஊரில்தான் இந்தப் பையும் சுற்றுகிறது.

அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்களான அன்பியங்களின் பாரத்தைப் பெரும்பாலும் பெண்களே சுமக்கிறார்கள். எந்த வீட்டில் டயாலிசிஸ், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டது என்பதெல்லாம் பங்குப் பேரவைக்கு எட்டும் முன் அவர்கள் காதுக்கு வந்துவிடும். பீடத்தில் ஏறிப் பெண்கள் வாசகம் வாசிக்கத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. ஆனால் வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி அவர்களுக்கும் கொடுக்கலாம் என்று போப் பிரான்சிஸ் சட்டத்தை மாற்றியது 2021 ஜனவரியில்தான். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் பணிக்கும், அதாவது நம் உபதேசியார் வேலைக்கும், திருச்சபை தனிப் பணி என்ற தகுதியைக் கொடுத்தது.

தகுதி வந்தது நல்லதே. ஆனால் அவருடைய மாதச் சம்பளம் என்ன என்று பங்குப் பேரவையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே கொடிமரத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்குத் தாவிவிடும்.

(தொடரும்)