மிளகாய்ச் செடிக்கு வரும் நச்சுயிரி: எந்த ரகம் தாங்கும்?

கெப்பாலா பத்தாஸ் என்றதும் நெல் வயலும் மார்டியின் நெல் ஆராய்ச்சி நிலையமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனாலும் நம்மவர் கொல்லையில் நாலு மிளகாய்ச் செடியாவது நிற்கும். அந்தச் செடியைக் கெடுக்கும் ஒரு நோயைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இலை நரம்பை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டுகள் தோன்றும். இலை சிறுத்துக் கோணும், பூ உதிரும், காய் குறையும். உரம் போதவில்லை என்று நாமும் உரத்தை அள்ளிக் கொட்டுவோம். அது உரக் குறை அல்ல, நச்சுயிரி. தீபகற்ப மலேசியாவில் இதை ஆராய்ந்து 1979இல் மார்டியின் ஆய்விதழில் எழுதியவர்கள் ஓங், வர்கீஸ், திங் ஆகிய மூவர்.

இதைப் பரப்புவது செடிப்பேன், அதாவது அசுவினி. நோயுற்ற செடியில் சில விநாடி வாய் வைத்தாலே போதும், அடுத்த செடிக்கு நோய் போய்விடும். மருந்து பட்டுப் பூச்சி சாவதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் மருந்துக்குச் செலவழிப்பதைவிட, நோயை எதிர்க்கும் ரகத்தைத் தேடுவதே மேல்.

தேடுவது எப்படி? வயலில் பச்சையாக நிற்கும் செடியைப் பார்த்து "இது நல்ல ரகம்" என்று சொல்லிவிட முடியாது. அதன்மேல் பூச்சி உட்காராமலே போயிருக்கலாம். ஆகவே ஆய்வுக்கூடத்தில் எல்லா நாற்றுக்கும் வேண்டுமென்றே நோயைக் கொடுக்கிறார்கள். நோயுற்ற இலையை அரைத்துச் சாறெடுத்து, நாற்றின் இலைமேல் நுண்ணிய உராய்வுத் தூளைத் தூவி, சாற்றை மெல்லத் தேய்ப்பார்கள். சில வாரம் கழித்து அறிகுறிக்கு மதிப்பெண் போடுவார்கள். அதோடு விடுவதில்லை. எலைசா சோதனையில் இலைக்குள் நச்சுயிரி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வெளியே நலமாகத் தெரிந்து உள்ளே நச்சுயிரி நிறைந்திருந்தால் அது தாங்கும் செடி, எதிர்க்கும் செடி அல்ல. பக்கத்துச் செடிக்கு நோய் கொடுப்பது இதுதான்! வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டைக்கு இந்தத் தேய்ப்பு பெரும்பாலும் பலிக்காது. அதற்கு ஈயையே விட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் மிளகாய் இனத்தில் ஏறக்குறைய 8,000 வகை விதைகளைக் காத்து வருகிறது. இந்தியாவின் 'பெரென்னியல்' என்ற சிறுகாய் மிளகாய் இத்தேடலில் பெயர் பெற்றது. செடியின் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் நச்சுயிரி பெருகுகிறது. அதே வேலைக்குச் செடியில் இன்னொரு புரதமும் உண்டு. ஒரு கதவை மட்டும் பூட்டினால் மற்றதன் வழியே நுழைந்துவிடும். இரண்டும் மாறியிருந்தால் இந்த நச்சுயிரிக்கு இடமில்லை என்று 2009இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டில் ஒரு பூட்டு பெரென்னியலில் இருக்கிறது.

ஆனால் சந்தைக்கு வேண்டியது நீளமான குலாய் மிளகாய். சிறுகாயின் குணத்தை அதற்குள் கொண்டுவரப் பல தலைமுறை ஒட்டுச்சேர்க்கை வேண்டும். அதுவரை நாற்றை வலைக்குள் வளர்த்து நடுங்கள், பாத்தியில் வெள்ளிநிற நெகிழி விரியுங்கள், முதல் நோய்ச்செடியைக் கண்டதுமே பிடுங்கிவிடுங்கள்.