வீட்டுப் பக்கத்து ராஜாளி

காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகிறவர்களுக்கு அரக்கோணம் தெரியும். அங்கே 1992-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில்தான் நம் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

பயணிகள் விமானம் ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பல லட்ச ரூபாய் கைக்காசு. படையில் பயிற்சிச் செலவு அரசுடையது, பதிலுக்குப் பல வருட சேவை. பிறகு பயணிகள் விமானத்துக்கும் மாறலாம். காசில்லாத வீட்டுக்கு இதுவே நல்ல வழி என்பேன்.

படையில் விமானியாக ஒரு வழி தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) தேர்வு. அதற்கு வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரைதான். 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள். பிளஸ் ஒன் குரூப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.